குடிக்க என்று முடிந்த மெசேஜ்

ஆபீசில் அவளுக்கு டெஸ்ட் அக்கா என்று பெயர். எந்த மெசேஜையும் முதலில் தன் போனுக்கு அனுப்பிக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஊருக்கு அனுப்புவாள். வீட்டிலும் அப்படித்தான். கேஸை மூடினோமா என்று பாதிப் படியிலிருந்து திரும்ப ஏறுவாள். "உன்னைக் கட்டிக்கிட்டதுல வாட்ச்மேன் செலவு மிச்சம்" என்று கணவர் கேலி செய்வார்.

பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குடிநீர் அலுவலகம் கொடுக்கும் மெசேஜ்களை ஆயிரக்கணக்கான போன்களுக்கு அனுப்பும் சின்னக் கம்பெனி அது. அன்று முற்பகல் குடிநீர் அலுவலக இன்ஜினியர் கூப்பிட்டார். குரல் வறண்டிருந்தது.

"தொட்டியில குளோரின் கன்னாபின்னான்னு கூடிப்போச்சும்மா. வால்வை அடைச்சுட்டோம். ஆனா குழாய்க்குப் போனது போனதுதான். உடனே சொல்லணும். ஜனங்க அலறக் கூடாது, பாத்துக்கங்க."

அலறக் கூடாது என்பதற்காக அவரே ஒரு வாசகம் எழுதி அனுப்பினார்: "பெரிய தொட்டியில் மருந்து கலக்கப்பட்டுள்ளது. குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்."

அவள் தன் போனுக்கு அனுப்பிப் பார்த்தாள். வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்தன. முந்தின நாள்தான் புது சர்வர் மாற்றியிருந்தார்கள். அது தமிழை இங்கிலீஷ் எழுத்து என்று நினைத்து மென்று துப்பியிருந்தது. சர்வரின் அமைப்பைத் தேடி, தமிழ் எழுத்தை ஏற்கும் யூனிகோடுக்கு மாற்றினாள். 'சோதனை' என்று ஒரு சொல்லை மட்டும் அனுப்பினாள். பளிச்சென்று வந்தது.

"போயிடுச்சாம்மா?" இன்ஜினியர் லைனிலேயே இருந்தார்.

ஊருக்கு அனுப்பும் பொத்தானை அமுக்கினாள். கொஞ்ச நேரத்தில் தங்கையின் போன் வந்தது. தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில்தான் தங்கை வீடு.

"மெசேஜ் பாத்தேன்க்கா. மருந்து போட்டுட்டாங்க, குடிக்கலாம்னு. பாப்பாவுக்கு ஒரு டம்ளர் குடுத்தேன். தொண்டை எரியுதுன்னு அழறா."

"குடிக்க வேண்டாம்னுதானே இருக்கு? கடைசி வரைக்கும் படி."

"படிச்சேனே. 'குழாய்த் தண்ணீரைக் குடிக்க.' அதோட முடியுது."

"வேற தண்ணி குடுத்து உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடு" என்றாள்.

தமிழ் மெசேஜ் ஒன்றில் எழுபது குறிகளுக்குத்தான் இடம். கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. நீண்டால் இரண்டாகப் பிரித்து அனுப்ப வேண்டிய புது சர்வர், எழுபதோடு கத்தரித்துவிட்டிருந்தது. சரியாக 'வேண்டாம்' போய்விட்டது. கேள்விக்குறியாகவே போயிருந்தால்கூட யாரும் மெசேஜை நம்பிக் குடித்திருக்க மாட்டார்கள்.

திரையில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு எண்ணும் ஒரு வீடு. நிறுத்தும் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் எழுந்துபோய் சர்வரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினாள்.

"யாரைக் கேட்டு பிடுங்குனே?" மேனேஜர் அறையிலிருந்து வந்தார்.

"குடிக்கச் சொல்லி அனுப்பிட்டேன் சார்."

வரிசையில் மிச்சமிருந்தவற்றை இருவருமாக அழித்தார்கள். "குழாய்த் தண்ணீர் ஆபத்து. குடிக்காதீர்கள்" என்று அவள் புதிதாக எழுதினாள். இரண்டு தடவை தப்பாக அடித்துத் திருத்தினாள். கேபிளைச் செருகி, முழு வாசகத்தையும் தன் போனுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தபோது, தங்கை கூப்பிடுவாளோ என்றும் பயமாக இருந்தது, கூப்பிடாமல் இருக்கிறாளே என்றும் பயமாக இருந்தது. மெசேஜ் முழுசாக வந்தது. ஊருக்கு விட்டாள். அதன்பிறகு ஆபீஸ் போன் ஓயவில்லை. குடிக்கலாமா கூடாதா, எதை நம்புவது என்று கேட்ட எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள்.

வாந்தியும் தொண்டை எரிச்சலுமாகப் பலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்; யாருக்கும் உயிருக்கு மோசமில்லை. சாயங்காலம் அவள் அங்கே போனபோது பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். உதடு வீங்கியிருந்தது. புது சர்வரை வைத்தவர்கள் செய்த கோளாறு என்று மேனேஜர் போனில் சொல்லியிருந்தார். அதைத் தங்கையிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"உன் மேல கோவம் இல்லக்கா" என்றாள் தங்கை, குழந்தையைப் பார்த்தபடியே. "ஆனா இனிமே உங்க ஆபீஸ்லேருந்து எது வந்தாலும் உனக்குப் போன் பண்ணித்தான் கேப்பேன்."

"கேளு" என்றாள் அவள்.