சும்மா போகும் துறை

கொள்ளிடத்தில் வெள்ளம் வடிந்து தண்ணீர் முழங்காலளவுக்கு வந்துவிட்டால், எங்கள் தலையாரி சாயங்காலம் காக்கிச் சட்டையைக் கழற்றி மணலில் வைத்துவிட்டு ஆற்றுக்குள் நடப்பார். நடு ஓட்டம் வரை போய், தண்ணீர் வரும் பக்கம் முதுகைக் காட்டி அப்படியே உட்கார்ந்துகொள்வார். சோப்புப் போட மாட்டார், நீந்த மாட்டார். பக்கத்தில் அவர் மனைவியும் சேலையோடு உட்கார்ந்திருப்பார். இருவரும் பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் பாதி ஊர் அங்கேதான் இருக்கும். தா.பழூர்ப் பக்கத்து அந்தக் கிராமத்தில் நான் அப்போது வி.ஏ.ஓ. வீட்டு வாசலில் குழாய் இருக்கும்போது இவ்வளவு தூரம் நடந்து வருகிறார்களே என்று எனக்குச் சிரிப்பாக வரும். ஒரு வருஷம் கழித்து நானும் துண்டோடு போக ஆரம்பித்தேன். அது வேறு கதை.

கரைக்கும் ஆற்றுக்கும் நடுவே இருந்த படுகை நிலத்தை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கினார். அதன் ஊடே ஆற்றுக்குப் போகும் வண்டிப்பாதை புறம்போக்கு. யாரும் புழங்காத பாதை, சுற்றி வேலி போட்டுக்கொள்ள அனுமதி வேண்டும் என்று அவர் மனுக் கொடுத்தார். தாலுகா ஆபீசிலிருந்து என்னிடம் அறிக்கை கேட்டார்கள். பொதுமக்கள் அந்தத் துறையை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது கேள்வி.

ஊர்க்காரர்களைக் கூட்டி வைத்துக் கேட்டேன். குடிக்கத் தண்ணீர் எடுக்கிறீர்களா என்றால் இல்லை. மாடு குளிப்பாட்டவா என்றால், மாடு எங்கே இருக்கிறது என்று சிரித்தார்கள். துணி துவைப்பதும் இல்லை. மயானம் ஊருக்கு வடக்கே; எப்போதோ வரும் கருமாதி அன்றைக்கு யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. பிறகு எதற்குத்தான் போகிறீர்கள் என்று கேட்டேன். எல்லோரும் தலையாரியைப் பார்த்தார்கள். அரசாங்கத்துக்குப் பதில் சொல்லத் தெரிந்தவர் அவர்தானே.

"சும்மாதாங்க சார் போவோம். வேலைவெட்டின்னு ஒண்ணும் இல்லீங்க," என்றார்.

கூட்டம் தலையாட்டியது. ஆற்றில் உட்கார்ந்திருக்கப் போகிறோம் என்று ஓர் அதிகாரியிடம் சொல்ல அவர்களுக்கு வெட்கம். சோம்பேறிகள் என்று எழுதிவிடுவேனோ என்ற பயமும் இருந்திருக்கும். அந்தச் சும்மா என்ன என்று எனக்குத் தெரியும். அதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்றுதான் தெரியவில்லை. 'குறிப்பிடத்தக்க பயன்பாடு ஏதும் இல்லை' என்று எழுதினேன். தலையாரி சாட்சிக் கையெழுத்துப் போட்டார். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஆறே மாதத்தில் வேலியும் வந்தது, இரும்புக் கேட்டும் வந்தது, வாட்ச்மேனும் வந்தார். மனு, முறையீடு என்று ஊர் அலைந்தது. எங்கே போனாலும் நான் எழுதிய அந்த ஒரு வரியைத்தான் எடுத்துக் காட்டினார்கள். தவளை தன் வாயால் கெடும் என்று தலையாரியை டீக்கடையில் கிண்டல் செய்தார்கள். என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. ஒரு நாள் அவரிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ ஆரம்பித்தேன். அவர் முடிக்க விடவில்லை.

"சும்மான்னு நான்தான சார் சொன்னேன். வேற என்னன்னு சொல்றது?"

இருபது வருஷமாக அந்தக் கேள்விக்கு நானும் பதில் தேடுகிறேன். ஓய்வு பெற்று அரியலூரில் உட்கார்ந்திருக்கிறேன், இன்னும் கிடைக்கவில்லை.

போன புரட்டாசியில் தலையாரிக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வாய் குழறினாலும் ஆற்றுக்குப் போகணும் என்பது மட்டும் புரிந்ததாம். அவர் மனைவி எனக்குப் போன் செய்தார். ஒரு ஆட்டோ பிடித்து அவரை அந்த இரும்புக் கேட்டு வரைக்கும் கொண்டுபோனோம். வாட்ச்மேன் நல்ல மனுஷன்தான். ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குளிக்க, உட்கார என்றால் யாரையும் விடக்கூடாது, விட்டால் தன் வேலை போய்விடும் என்றார்.

"கருமாதிக்குன்னா தொறந்து விடச் சொல்லியிருக்காங்க சார். சாவுக் காரியத்தத் தடுத்தா பாவம்னு மொதலாளி பயப்படுவாரு," என்றார் தாழ்ந்த குரலில்.

தலையாரி காதில் அது விழுந்ததா என்று தெரியாது. அவர் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன். என் ஆயுளில் நான் அவ்வளவு வெட்கப்பட்டது கிடையாது.

தை மாதம் அவர் போய்விட்டார். பதினாறாம் நாள் கேட்டு அகலத் திறந்திருந்தது. எதற்கு வந்தோம் என்று யாரும் கேட்கவில்லை. மகன் பிண்டம் கரைத்தான், சடங்குகள் முடிந்தன, ஈரத் துணியோடு சனங்கள் கரையேறி வேனுக்குப் போனார்கள். முழுகப் போன அவர் மனைவி மட்டும் எழுந்திருக்கவில்லை. ஓட்டத்துக்கு முதுகைக் காட்டி, கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். மருமகள் இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டாள்.

வாட்ச்மேன் சாவியோடு வந்தார். காரியம் முடிஞ்சுதுன்னா பூட்டிடலாமா சார் என்று கேட்டார்.

"இன்னும் முடியலப்பா," என்று சொல்லிவிட்டு மணலில் உட்கார்ந்தேன்.