கடையில் முட்டை இல்லாத மாதங்கள்

என் கணவர் பீடோங்கில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால், மத்தியானம் அவர்களைத் திரும்ப ஏற்றும் வரை தேத்தண்ணிக் கடைதான் அவருக்கு. டின் பால் ஊற்றி, அதற்கு மேல் சீனியும் போட்டு, ஒரு நாளைக்கு நான்கு குவளை. கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்து இனிப்புநீர் நோய் என்று சொன்னபோது எனக்கு ஆச்சரியமில்லை. அவருக்குத்தான் ஆச்சரியம்.

"நல்லாத்தானே இருக்கேன்லா," என்றார் மிஸ்ஸியிடம்.

அந்தத் தாதிக்கு எங்கள் மகள் வயதுதான் இருக்கும். "அங்கிள், சீனிய நிறுத்துங்க. சோத்தப் பாதியாக்குங்க. மீன், பருப்பு, முட்டை, இதெல்லாம் சேத்துக்குங்க," என்றாள்.

மோட்டார் சைக்கிளில் திரும்பும் வழியெல்லாம் அவருக்கு ஒரு சொல்தான் ஞாபகம் இருந்தது. "முட்டை சாப்பிடச் சொல்லிட்டாங்க, கேட்டல்ல?"

பார்த்தால், அந்தச் சமயத்தில்தான் கடைகளில் முட்டை காணாமல் போனது. ஒரு குடும்பத்துக்கு முப்பது முட்டைத் தட்டு ஒன்று என்று முதலில் எழுதி ஒட்டினார்கள். அடுத்த வாரம் அந்தக் காகிதம் மட்டும் இருந்தது.

நான் கரங்கான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள். அங்கே கோழிக்கறி என்றால் கிறிஸ்மஸும் ஈஸ்டரும்தான். மற்ற நாளெல்லாம் கருவாடு, பருப்பு. பால் மரம் வெட்டிப் பாலெடுக்கப் போகிறவர்களுக்குத் தெம்பு கொடுத்தது சீனி போட்ட கறுப்புத் தேத்தண்ணி. இப்போது எங்கள் தாமான் குடியிருப்பில் தினமும் யார் வீட்டிலாவது கோழி வேகிறது. முட்டை வைக்காத நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றை யாரும் தொடுவதில்லை. ஆனால் சீனி மட்டும் குறையவே இல்லை. அன்றைக்குப் பசிக்குக் குடித்தோம், இன்றைக்கு நாக்குக்குக் குடிக்கிறோம்.

ஒரு சனிக்கிழமை சிடாம் கிரியில் ஒரு கூட்டாளியைப் பார்க்கப் போனவர், மோட்டாருக்குப் பின்னால் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். உள்ளே நான்கு நாட்டுக்கோழிகள்.

"எதுக்குங்க இது?"

"மிஸ்ஸி சொன்னாங்கல்ல."

"முட்டை போடுமா?"

"போடாம எங்க போவும்?"

போடவில்லை. ஒரு மாதமாகியும் ஒன்றுகூட இல்லை. வீட்டுக்குப் பின்னால் பலகை அடித்துக் கூண்டு கட்டினார். பேருந்தைக் கிளப்புவதற்கு முன் தினமும் குனிந்து எட்டிப் பார்ப்பார். என்னிடம் ஒருநாளும் பேசாத குரலில் அவற்றோடு பேசுவார். பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "தம்பி, இன்னிக்கு எத்தனை முட்டை?" என்று சிரிப்பார்.

"எடம் புதுசுல்ல, அவங்களுக்குக் கொஞ்சம் பழகணும்க்கா," என்பார் இவர். அந்தக் கோழிகளுக்குத்தான் அவ்வளவு மரியாதை.

தீபாவளி நெருங்கும்போது சீனியும் கிடைக்காமல் போனது. நெய் உருண்டை பிடிக்கச் சீனியில்லை என்று அக்கா சுங்கைப் பட்டாணி வரை போய் வெறுங்கையோடு திரும்பினார். அந்த வாரத்தில் ஒருநாள், என் கணவர் வேலைக்குப் போனபின் கோழிகளுக்குத் தீனி போடலாம் என்று வாளிக்குள் கைவிட்டேன். தீனிக்கு அடியில் நான்கு பாக்கெட் சீனி.

நான்கையும் மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவர் வந்தார், பார்த்தார், சாவியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"ஆளுக்கு ஒண்ணுதான் குடுக்கிறாங்க. பாத்த கடையில எல்லாம் ஒண்ணொண்ணா எடுத்தேன்."

"குடிக்கத்தானே?"

"கிறிஸ்மஸுக்கு நீ கேக் போடணும்ல."

"அப்புறம் ஏன் ஒளிச்சு வச்சீங்க?"

சாவியை ஆணியில் மாட்டினார். பிறகு, "வெளியில வச்சா நானே எடுத்துப் போட்டுக்குவேன்," என்றார்.

பாக்கெட்டுகளைப் புரட்டிப் பார்த்தேன். எதுவும் பிரிக்கப்படவில்லை. காலையிலிருந்து திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்த சொல்லெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இரண்டு பாக்கெட்டை வேலிக்கு மேலாக அக்காவிடம் கொடுத்தேன்.

முதல் முட்டை டிசம்பரில் வந்தது. "ஏய், வா வா, சீக்கிரம் வா!" என்று கொல்லையிலிருந்து கத்தினார். என்ன ஆனதோ என்று ஓடினேன். உள்ளங்கையில் சின்னதாக, சூடு ஆறாமல் இருந்தது. அவித்துக் கொடுத்தால், பாதியாக அறுத்து ஒரு பாதியை என் பக்கம் தள்ளினார்.

"உங்களத்தான் சாப்பிடச் சொன்னாங்க."

"நீ மட்டும் என்ன, இரும்பா?"

அந்த மாதப் பரிசோதனையில் இரத்தத்தில் சீனி அளவு கொஞ்சம் இறங்கியிருந்தது. கடையில் டின் பாலை விட்டுவிட்டார் என்று தேத்தண்ணி கலக்குகிறவரே என்னிடம் சொன்னார்.

கிறிஸ்மஸ் கேக்கில் சீனியைப் பாதியாகக் குறைத்தேன். மத்தியானம் அக்கா குடும்பத்தோடு வந்தார். என் கணவர் மெல்லிய துண்டாக ஒன்றை எடுத்துக்கொண்டு, வந்தவர்களிடமெல்லாம், "நம்ம கோழி முட்டைலா, கடையில வாங்கினது இல்ல," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்குள் கடைகளில் முட்டை திரும்ப வந்துவிட்டது. அந்தக் கேக்கில் பாதிக்கு மேல் கடை முட்டைதான். நான் யாரிடமும் சொல்லவில்லை.