பங்காவைப் பார்த்துப் பாடும் குழு

பாட்டை மந்தமாக்கியவன் நான் என்று இந்தக் கிறிஸ்தவக் கோயிலில் ஆர்கன் வாசிக்கும் ஜெர்மன் துரை சொல்வது பச்சைப் பொய்.

கல்கத்தா வந்த இடத்தில் என் கட்டைக் குரலைக் கேட்டு, நாளை ஞாயிறு ஆராதனையில் ஒரு சரணம் தனியாகப் பாடச் சொன்னவரே அவர்தான். இன்று பகல் ஒத்திகை. எங்களுக்கு முதுகைக் காட்டி வாசிக்கிறார். அவர் தலையசைப்புதான் தாளமாம். தலை எங்கே தெரிகிறது? வராந்தாவில் ஒருவர் கயிறு இழுக்க, எங்களுக்கும் அவருக்கும் நடுவில், கூரையில் தொங்கும் விசிறியான பங்காத் துணி ஆடுகிறது. ஜெர்மனியில் எத்தனையோ பாடகர் குழுக்களை நடத்தியவர். அங்கே பங்கா கிடையாது.

பாதிப் பாட்டில் எல்லோரும் மெதுவாகிறார்கள், நானும்தான். "இது சவ ஊர்வலமா? மதராஸ்காரரே, நாளை நீர் பாட வேண்டாம்!" என்று என்னிடம் மட்டும் கத்துகிறார்.

பக்கத்தில் நிற்கும் யோசேப்பு இங்கேயே பிறந்த தமிழர். "அண்ணே, யாரைப் பாத்துப் பாடுனீங்க?" என்கிறார்.

"உங்களைப் பாத்துத்தான்யா!"

"நாங்க பங்காவைப் பாத்துல்ல பாடுவோம். சாப்பாட்டுக்கு அப்புறம் கயிறு இழுக்குறவரு கண் அசந்துருவாரு, பங்காவும் மெதுவாயிரும்."

"துரைகிட்டச் சொல்லேன்யா!"

"சொன்னா பங்காவை நிறுத்திருவாரு. இந்தப் புழுக்கத்துல நீங்களா விசிறுவீங்க?"

துரையே, நாளை பங்காவை நிறுத்திவிட்டு வாசியும். தாளம் தெரியாதவன் நானா, உம் குழுவா? சபை முழுவதும் கேட்க நீரே சொல்லும்.