ஈரச்சட்டை என்ன ஆனான்?

“ஈரச்சட்டை நேத்து வாயத் தொறந்துட்டான்” என்று சொல்லிக்கொண்டேதான் சுகுணா கம்பெனி பஸ்ஸின் படியில் காலை வைப்பாள். பேரிகையில் வண்டி வந்து நிற்பது காலை ஐந்தேகாலுக்கு. அந்தக் குளிரில் மற்றவர்களுக்குக் கண்ணைத் திறப்பதே பெரும்பாடு. சுகுணா டிபன் பாக்ஸைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, டிரைவருக்குப் பின்னால் முதல் வரிசையில் ஏறி, பஸ்ஸின் பின்பக்கம் பார்த்து மண்டியிட்டு உட்கார்ந்துகொள்வாள். பாகலூர் தாண்டுவதற்குள் ஒரு எபிசோட் முடிந்தாக வேண்டும். அதற்கு மேல் ஏறுகிறவர்கள் கூட்டமாக ஏறுவார்கள், சத்தம் எடுபடாது.

ஈரச்சட்டை என்பவன் கொரியாக்காரன், சுகுணா போனில் பார்க்கிற தொடரின் கதாநாயகன். முதல் எபிசோடில் ஒரு துறைமுகத்தின் கரையில் சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தவன். தான் யார், எந்த ஊர் என்று அவனுக்கே ஞாபகம் இல்லை. அவனுக்கு மூன்றெழுத்தில் அழகான பெயர் ஒன்று உண்டு. சுகுணாவுக்கு அது நன்றாகவே வாயில் வரும். ஆனால் பஸ்ஸில் அவள் அதைச் சொல்வதில்லை. “பேரச் சொன்னா, அது ஆரு, இது ஆருன்னு கேட்டே ரெண்டு நிமிசம் போயிருது. ஆள அடையாளம் சொன்னா ஒடனே புடிச்சிக்கிறாங்க” என்பாள். அப்படித்தான் அவனுக்கு அடைக்கலம் தந்த கதாநாயகி ‘கஞ்சிக்கடை அக்கா’ ஆனாள். கழுத்தில் நகை இல்லாமல் தூங்கக்கூடப் போகாத அவனுடைய பணக்காரத் தாயார் ‘முத்துமாலை’ ஆனாள். கஞ்சிக்கடை அக்காவை மனசுக்குள் விரும்பிக்கொண்டு, மழை வந்தால் மட்டும் குடையோடு வந்து நிற்கிற நல்லவன் ‘குடைக்காரன்’ ஆனான். கஞ்சிக்கடை அக்காவைக் குடைக்காரனுக்குத்தான் கட்டிவைக்க வேண்டும் என்பது பஸ்ஸில் பாதிப் பேரின் ஆசை.

சுகுணாவுக்கு முப்பத்தாறு வயது. பிறந்தது கல்லாவி, கட்டிக்கொடுத்தது பேரிகை. ஓசூர்ப் பக்கம் வண்டிகளுக்கான ஒயர்க்கட்டு செய்கிற ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருஷமாக வேலை. பெரிய பலகையில் முதலில் நீளமான மெயின் ஒயரைப் படுக்க வைத்து, பிறகு கிளை ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கடைசியில் டேப் சுற்றுவார்கள். கதையையும் அவள் அதே மாதிரிதான் கட்டுகிறாள். முதலில் மெயின் கதையை ஒரே இழுப்பில் சொல்லிவிடுவாள். அப்புறம்தான் முத்துமாலையின் சூழ்ச்சி, குடைக்காரனின் சோகம் எல்லாம். கம்பெனிக்குள் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். பத்து நிமிஷ டீ பிரேக்கில் டீ குடிக்க இரண்டு நிமிஷம் போக, மிச்சம் எட்டு நிமிஷத்தில் ஒரு மணி நேரப் படத்தைச் சொல்லி முடிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

படித்தது பிளஸ் டூ. அப்போது வராத இங்கிலீஷ் இந்தக் கொரியாப் படங்களின் அடியில் ஓடுகிற எழுத்தைப் படித்துப் படித்து வந்திருக்கிறது. புரியாத வார்த்தை வந்தால் படத்தை நிறுத்தி, போனில் அர்த்தம் தேடிவிட்டுத்தான் மேலே போவாள். தமிழில் பேசவைத்த படங்களை அவள் மதிப்பதில்லை. “அதுல மாமியாளும் மருமவளும் ஒரே கொரல்ல திட்டிக்கிறாங்க” என்பது அவள் புகார். கொரியாவில் புறப்பட்டு இங்கிலீஷில் இறங்கி அவளிடம் வந்து சேர்கிற கதை, பஸ்ஸில் தமிழாகவும் தெலுங்காகவும் கன்னடமாகவும் பிரிந்து போகும். கல்லாவியில் தமிழ் தவிர வேறு தெரியாமல் வளர்ந்தவள், பேரிகை வந்த இரண்டே வருஷத்தில் தெலுங்கில் சண்டை போடக் கற்றுக்கொண்டாள். கேன்டீனில் வேலை செய்கிற நாராயணம்மா, ஐம்பது வயதுக்காரி, எந்தக் கதைக்கும் ஒரே கேள்விதான் கேட்பாள்: “பதிகினாடா, லேதா?” பிழைத்தானா, இல்லையா. அது தெரிந்துவிட்டால் அவளுக்கு நிம்மதி. மிச்சத்தைத் தூங்கிக்கொண்டே கேட்பாள்.

இந்தக் கேள்வியால்தான் பஸ் இரண்டாகப் பிரிந்தது. முடிவைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் முன்சீட்டு. தானே பார்த்துத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் பின்சீட்டு. வாட்ஸ்அப்பிலும் அதே பெயர்களில் இரண்டு குரூப். படம் ஒவ்வொரு சனி, ஞாயிறு மாலையும் வரும். சுகுணா அன்றைக்கே பார்த்துவிட்டு முன்சீட்டுக்குக் குரல்பதிவில் முழுக் கதையையும் அனுப்புவாள். பின்சீட்டுக்கு அனுப்புவது, அவர்கள் பார்த்து முடித்த எபிசோடுக்கு விளக்கம் மட்டும். இங்கிலீஷ் எழுத்து ஓடுகிற வேகத்துக்கு அவர்களால் படிக்க முடியாது. படத்தை அவர்கள் பார்ப்பார்கள், பேச்சை இவள் கொடுப்பாள். காலையில் புதுக் கதை சொல்கிற நேரம் வந்தால் கையை உயர்த்துவாள். பின்னால் இருப்பவர்கள் காதில் இயர்போனைச் செருகிக்கொள்வார்கள்.

பின்சீட்டுக் காவேரியிடம் இயர்போன் கிடையாது. இரண்டு காதிலும் விரலை வைத்து அழுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவாள். வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் புருஷனுடையது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவன் தூங்குகிற இரண்டு மணி நேரம்தான் அது காவேரியின் கைக்கு வரும். அதனால் எல்லோரையும்விட ஒரு வாரம் பின்னால்தான் அவள் கதை ஓடும். முன்சீட்டுக்கு வந்துவிடேன், காத்திருக்கிற பாடு மிச்சம் என்று சுகுணா ஒருதரம் கூப்பிட்டுப் பார்த்தாள். காவேரி அதற்குச் சொன்ன பதில் சுகுணாவை அன்று முழுக்க வேலை செய்யவிடவில்லை.

“நாளைக்கி என்ன சமைப்பேன், அந்தாளு என்ன சொல்லித் திட்டும், லைன்ல எத்தன பீஸ் கேப்பாங்க, எல்லாந் தெரியுதுக்கா எனக்கு. இது ஒண்ணுதான் என்ன நடக்கும்னு தெரியாம இருக்குது. அத எடுத்துறாதக்கா.”

அன்றிலிருந்து காவேரியின் காதுக்குச் சுகுணாதான் காவல். கேன்டீனில் யாராவது ஈரச்சட்டையைப் பற்றி வாயெடுத்தால், காவேரி எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று முதலில் பார்ப்பாள். நாராயணம்மா குழம்பு ஊற்றிக்கொண்டே உளறப் போனபோது, அவள் கையிலிருந்த கரண்டியையே பிடித்து நிறுத்தியிருக்கிறாள்.

அப்பேர்ப்பட்டவள்தான் அந்தத் தப்பைச் செய்தாள். கடைசி எபிசோட் வந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அது. மறுநாள் சந்தைக்குப் போகிற கொத்தமல்லி, முற்றத்தில் மலையாகக் கிடந்தது. சுகுணா அலசிக் கொடுக்க, அவள் கணவன் ராஜசேகர் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசி எபிசோடைப் பார்த்து முடித்தவள், ஈரக் கையால் போனைத் தொட மனமில்லாமல் விரல் முட்டியாலேயே அழுத்தி, நாற்பது வினாடியில் முடிவைச் சொல்லி அனுப்பினாள். இரண்டு குரூப்புக்கும் ஒரே பஸ்ஸின் படத்தைத்தான் வைத்திருந்தாள். அனுப்பியது பின்சீட்டுக்கு.

தெரிந்தபோது ஏழு பேர் கேட்டிருந்தார்கள். மூன்றாவது பெயர் காவேரியுடையது. ஏதோ விளக்கம் என்று நினைத்துப் புருஷனிடமிருந்து கெஞ்சி வாங்கிக் கேட்டிருப்பாள். சுகுணா கொத்தமல்லிக் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பதிவை அழித்துவிடு என்றான் ராஜசேகர். கேட்டது காதிலிருந்து அழியுமா? அழித்தால் சொன்னது நிஜம்தான் என்று முத்திரை குத்திக் கொடுத்தது போலத்தான் ஆகும். வேறு யாராக இருந்தாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படுத்திருப்பார்கள். சுகுணா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, அதே குரலில், அதே அழுகையோடு, அடுத்த பதிவை ஆரம்பித்தாள். அதில் வேறொரு முடிவு இருந்தது.

இப்படி, முதலில் போன நிஜத்தையும் சேர்த்து மொத்தம் ஏழு. ஒன்றில் கஞ்சிக்கடை அக்கா குடைக்காரனைக் கட்டிக்கொண்டாள். ஒன்றில் ஈரச்சட்டை போலீசில் சரணடைந்தான். ஒன்றில் முத்துமாலை திருந்தி, கடைக்கே வந்து கஞ்சி ஊற்றினாள். ஒன்றில் ஈரச்சட்டையைத் திரும்பவும் கடல் கொண்டுபோயிற்று. ஒவ்வொன்றிலும் யார் என்ன நிறத்தில் உடுத்தியிருந்தார்கள், மழை பெய்ததா இல்லையா என்பதெல்லாம் சுத்தமாக இருந்தது. ஆறாவதோடு அவளுக்குச் சரக்கு தீர்ந்துபோயிற்று. அப்போது, எட்டு வாரமாக இந்தக் கதையெல்லாம் காதில் விழாதது போலவே இருந்த ராஜசேகர், கொத்தமல்லிக் கட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னான்: “அந்தப் புள்ளைய அவன்கூடக் கப்பல்ல ஏத்தி உடு. பாவம், எத்தன நாளைக்கித்தான் கஞ்சி காச்சுவா.” அது ஏழாவது. கடைசியாக ஒரு வரி எழுதியும் போட்டாள்: ஏழில் ஒன்றுதான் நிஜம், எது என்று பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள், விளையாட்டு. இந்த ஏழில் எது நிஜம் என்பதை இங்கேயும் சொல்வதற்கில்லை. பின்சீட்டில் இன்னும் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள்.

மறுநாள் காலை பஸ்ஸில் காவேரி பின்னால் போகவில்லை. முதல் வரிசைக்கு முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுகுணாவுக்கு ஒரு பெருமை உண்டு. முகத்துக்கு நேரே கேட்டால் அவள் கதையை மாற்றிச் சொன்னதே கிடையாது. சுகுணா சொன்னால் மாற்றமில்லை என்பது இந்த பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும். காவேரிக்கும் தெரியும். அதனால்தான் நேராகக் கேட்டாள்.

“மொதல்ல போட்டதுதானக்கா நெசம்?”

 சரியான முடிவு அதற்குள் முன்சீட்டுக்கெல்லாம் வந்து சேர்ந்திருந்தது. சுகுணா ஒரு நொடி தன் கையைப் பார்த்தாள். அப்புறம் காவேரியின் கண்ணைப் பார்த்தே சொன்னாள்: “இல்லடி. இருக்கறதுலயே பெரிய பொய்யி அதுதான்.”

நாராயணம்மா வாயைத் திறந்தாள். திறந்த வாயால் ஒரு கொட்டாவி விட்டுவிட்டு மூடிக்கொண்டாள். அந்தக் கொட்டாவிக்காகச் சுகுணா அவளுக்கு ஆயுசுக்கும் கடமைப்பட்டவள். ஆனால் கேன்டீனில் தட்டை நீட்டியபோது நாராயணம்மா மெதுவாக ஒன்று கேட்டாள். அவளைத் தேற்றத்தான் சொன்னாய், சரி, நாளைக்கு நீ எனக்குச் சொல்வது மட்டும் நிஜம் என்று நான் எதைவைத்து நம்புவது?  பதினோரு வருஷமாகச் சேர்த்துவைத்த பெயர், ஒரே வார்த்தையில் போய்விட்டதாகச் சுகுணாவுக்குத் தோன்றியது.

அந்த வாரம் காவேரி சரியாகப் பேசவில்லை. நம்பினாளா, நம்பாமல் இருந்தாளா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சுகுணாவுக்கு இரண்டு பயம் இருந்தது. காவேரிக்கு முடிவு தெரிந்தே போயிருந்தால், அவளிடம் இருந்த ஒரே ஒரு தெரியாத விஷயத்தையும் தானே பிடுங்கிக்கொண்டதாக ஆகும். நம்பியிருந்தாலோ, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படம் முடிகிறபோது, அக்கா என்று கூப்பிட்ட வாயால் பொய்க்காரி என்று சொல்வாள். இரண்டில் எது மேல் என்று சுகுணாவுக்கே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரைக்கும் அவள் ஒரு கொத்தமல்லிக் கட்டும் ஒழுங்காகப் போடவில்லை. இந்நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று மூன்றுதரம் சொன்னாள். ராஜசேகர் அவள் போட்ட கட்டுகளையெல்லாம் வாங்கிப் பிரித்துத் திரும்பக் கட்டினான்.

திங்கட்கிழமை காலை சுகுணா கதை எதுவும் ஆரம்பிக்காமல் உட்கார்ந்திருந்தாள். அடுத்த ஸ்டாப்பில் காவேரி ஏறினாள். டிரைவர் குருமூர்த்தி உள்ளே விளக்கைப் போட்டார். காவேரியின் இரண்டு இமையும் வீங்கியிருந்தன. மூக்கு நுனி சிவந்திருந்தது. ராத்திரி எழுந்து எழுந்து அழுதிருக்கிறாள். முன்னாலேயே தெரிந்த முடிவுக்கு ஒருத்தியால் இப்படி அழ முடியாது. சுகுணாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு வாரத்துப் பாரம் இறங்கியது.

காவேரி நேராக முதல் வரிசைக்கு வந்தாள். கண் அழுதிருந்தது, உதடு அடக்க முடியாமல் சிரித்தது. “அக்கா, நீ சொன்ன பொய்யி இருக்குதே” என்று தொடங்கினாள். “கடேசி நிமிசம் வரைக்கும் நான் அதயேதான்…”

பின்சீட்டில் இன்னும் கடைசி எபிசோடைப் பார்க்காத நான்கு பேர் இயர்போனைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார்கள். நான்கு ஜோடிக் கண்ணும், முடிவை அதிலேயே படித்துவிடுவது போல, காவேரியின் முகத்தில் இருந்தன.

சுகுணா தன் தலையைச் சுற்றியிருந்த கம்பளி மப்ளரைச் சட்டென்று உருவி, காவேரியின் வாயை மூடி, மூக்கை மூடி, அழுத கண்ணையும் சேர்த்து நெற்றி வரைக்கும் இழுத்துச் சுற்றி, தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.