சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டவன்

இந்த ஊரில் டயர் மாற்றப் போனால் முதலில் சாவி கேட்பார்கள். வண்டிச் சாவி இல்லை, சக்கரத்துச் சாவி. கவென்ட்ரிக்கு வந்த புதிதில் அப்படிக் கேட்ட ஒருவரிடம் இக்னிஷன் சாவியை நீட்டி அசடு வழிந்திருக்கிறேன். வீலுக்கு வீல் ஒரு நட்டு மட்டும் லாக் நட்டு. அதன் தலையில் இருக்கிற வெட்டுக்குச் சரியாகப் பொருந்துகிற குட்டி இரும்புத் துண்டு இருந்தால்தான் அது கழன்று வரும். வீலைத் திருடாமல் இருக்கவாம். நம்மூரில் கோயில் வாசலில் விட்ட செருப்புக்குத்தான் பயப்படுவோம், இங்கே சக்கரத்துக்கே பயப்படுகிறார்கள்.

போன சனிக்கிழமை பின் டயரில் ஆணி ஏறிவிட்டது. டயர் கடைக்காரர் ருமேனியாக்காரர், சிரித்த முகம். அவர் என் சாவியை மாட்டித் திருகியதும் அது இரண்டாகப் பிளந்துபோனது. “வேறு இருக்கிறதா?” என்றவர், டேஷ்போர்டுக்குள் கைவிட்டு இன்னொன்றை எடுத்தார். பொருத்திப் பார்த்துத் தலையாட்டினார்.

“ராங் கார்.”

“ஆமாம், அது வேறு காருடையது.”

“அந்தக் கார் எங்கே?”

“இந்தியாவில்.”

வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்தக் கார் என் அத்தானுடையது. அக்காவைக் கட்டியவர்; பட்டாளத்திலிருந்து திரும்பி, சுந்தரபாண்டியத்தில் தென்னையும் நெல்லும் பார்க்கிறார். காருக்குப் புதிதாக அலாய் வீல் போட்டிருக்கிறார் என்று அக்கா சொன்னாளோ இல்லையோ, அடுத்த விடுமுறைக்கு ஒரு லாக் நட்டு செட்டோடு போய் இறங்கினேன். நான் சும்மா இருந்திருக்கலாம்.

“ஏன் மாப்ள, இங்க எவன் வந்து வீலைக் கழத்தப் போறான்?” என்று அத்தான் சிரித்தார்.

“அங்கெல்லாம் இது இல்லாம ஒருத்தனும் வண்டி வச்சிருக்க மாட்டான் அத்தான்” என்று அளந்தேன். ராஜபாளையத்தில் ஒரு டயர் கடைக்குக் கூட்டிப்போய், பக்கத்திலேயே நின்று மாட்டவைத்தேன். “சுத்தியல் கித்தியல் எடுத்து அடிச்சிராதீங்க, வீலே வெடிச்சிரும்” என்று எச்சரிக்கை வேறு. அப்படி எனக்கு யாருமே சொன்னதில்லை. வாயில் வந்தது, சொன்னேன். வண்டியிலேயே வைத்துவிடுகிறேன் என்று கடைக்காரர் சாவிக்குக் கை நீட்டினார். அத்தான் எங்காவது தொலைத்துவிடுவார் என்று நானே வாங்கிப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டேன். கவென்ட்ரியில் துணி துவைக்கும்போது அது மெஷினுக்குள் கிடந்து கடகடத்தது. அனுப்பிவிடுகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். பத்து மாதம் அதையே சொன்னேன்.

அக்கா மகள் ரோஸ்லினுக்குப் போலீஸ் வேலை மேல்தான் உயிர். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். தினமும் விடியுமுன் கண்மாய்க்கரையில் ஓடிப் பழகினாள். விருதுநகரில் ஓட்டத் தேர்வு, காலை ஏழு மணிக்குள் மைதானத்துக்குள் இருக்க வேண்டும். அந்த வருசத்தோடு அவளுக்கு வயசு வரம்பு முடிகிறது. அத்தான்தான் காரில் கூட்டிப்போனார். கிருஷ்ணன்கோவிலுக்கு முன்னாலேயே டயர் பஞ்சர். ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கி இருந்தது. மூன்று நட்டு கழன்றது. நாலாவது நான் போட்ட பூட்டு.

எதிரே வத்திராயிருப்புப் பக்கம் அறுவடை மிஷின் ஏற்றிப்போன லாரி டிரைவர் இறங்கி வந்திருக்கிறார். “பழைய பாக்ஸ் ஸ்பானரை மேல வச்சு அடிச்சு இறக்கினா கழண்டுரும்ணே. சுத்தியல் எங்கிட்ட இருக்கு.”

அத்தான் விடவில்லை. “வேண்டாம்ப்பா. அடிச்சா வீலு வெடிச்சிரும்னு என் மச்சினன் சொல்லிருக்கான். வெளிநாட்டுல இருக்கவன், அவனுக்குத் தெரியாதா?”

லாரி போய்விட்டது. அத்தான் எனக்குப் பதினொரு தடவை போன் அடித்திருக்கிறார். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். பால் வண்டியில் தொற்றி, அங்கிருந்து பஸ் பிடித்து அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஏழே கால். கேட்டைச் சாத்திவிட்டார்கள்.

அத்தான் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ராஜபாளையம் பட்டறையில் வெல்டிங் வைத்து நாலு பூட்டையும் எடுத்து எறிந்துவிட்டு, எனக்கே ஆறுதல் சொன்னார். “ஒரு நட்டுக்கே அரை நாளு ஆச்சு மாப்ள. அந்த டிரைவரு ரோட்டுல வச்சு என்னத்தக் கழத்திருக்கப் போறாரு? விடுங்க.” ரோஸ்லின் இப்போது சத்திரப்பட்டியில் ஒரு கம்பெனியில் பேண்டேஜ் துணி மடித்து அடுக்குகிறாள். நம்மைப் போல வெளியே வந்தவன் எதைச் சொன்னாலும் ஊரில் மறுபேச்சு இல்லை. அந்த மரியாதையை நினைத்தால்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ருமேனியாக்காரர் சுத்தியலை எடுத்தார்.

“வீல் வெடிக்காதா?” என்றேன்.

“எதுக்கு வெடிக்கணும்?” என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பழைய பாக்ஸ் ஸ்பானர் ஒன்றை நட்டின் மேல் வைத்து நாலு அடி, நீளக் கம்பி போட்டு ஒரு திருகு. வந்துவிட்டது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பாவி, ஐந்து நிமிடம்!

அவர் ஆணியைப் பிடுங்கி ஒட்டுப்போட்டு முடித்ததும் காருக்குள் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் போட்டேன். ரோஸ்லின்தான் எடுத்தாள். என்னால் அடக்க முடியவில்லை. “ஏட்டி, அஞ்சு நிமிசத்துல கழண்டுருச்சு. அந்த டிரைவர் சொன்னதுதான் சரி. வெடிக்கும்னு நான் சும்மா சொன்னேன். நாந்தான் உன்னக் கெடுத்தேன்.”

போனில், அவளுக்குப் பின்னால் அத்தான் இருமுவது கேட்டது. பொறவு அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “மாமா, இத அப்பாட்ட மட்டும் சொல்லிராதீங்க. அது எப்படியும் அரை நாளு வேலைன்னு நெனச்சுத்தான் அவிய ராத்திரி தூங்குதாவ.”

அத்தான் காருடைய சாவி மடியில் கிடந்தது. சுந்தரபாண்டியத்தில் அதற்கு நட்டு இல்லை, இங்கே அதற்கு வண்டி இல்லை. கடைக்காரர் கண்ணாடியைத் தட்டி, குப்பையில் போட்டுவிடவா என்று கை நீட்டினார். நான் அதை எடுத்துப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டேன்.