ஆரோக்கியசாமியின் வலது கை

ஆட்டோமேட்டிக் கியர் வண்டி என்றால் ஆம்பூரில் பாதி மெக்கானிக்குகள் கையைப் பிசைவார்கள். பைபாஸ் ஓரத்தில் ஒர்க் ஷாப் வைத்திருந்த ஆரோக்கியசாமி கையை வைப்பான். வண்டி ஓடி வந்ததும் அதன் அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கி, கியர் பாக்ஸின் அடித்தட்டில் வலது உள்ளங்கையை ஒரு நொடி ஒற்றி எடுப்பான். ஆயில் கொதிக்கிறதா, சும்மா பயமுறுத்துகிறதா என்று சொல்லிவிடுவான். அந்தப் பேரை வைத்துத்தான் பதினாறு வருஷமாகக் கடை ஓடியது. ஸ்கேனர் ஒன்றும் வாங்கி வைத்திருந்தான். அது சாட்சி சொல்லலாம், தீர்ப்பு கையினுடையது.

ஷூ மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் வைத்திருந்த ரஷீத் அஹமதின் கார் ஒரு திங்கட்கிழமை வந்தது. கொஞ்ச தூரம் ஓடியதும் கியர் பாக்ஸ் சூடு என்று டிஸ்ப்ளேயில் எழுத்து வருகிறது, மூன்றாவது கியருக்கு மேல் ஏறுவதில்லை என்றார்.

ஆரோக்கியசாமி முறையாகத்தான் ஆரம்பித்தான். வண்டியை ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் ஸ்கேனரை மாட்டினான். எஞ்சின் தண்ணீர் இருபத்தெட்டு டிகிரி, கியர் ஆயில் இருபத்தெட்டு டிகிரி. இரண்டும் ஒன்றாக இருந்தால் ஆயில் சூட்டைப் பார்க்கும் சென்சார் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். அது அவனுக்குத் தெரியாதது அல்ல. பிறகு வாணியம்பாடி வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பினான். நூற்றுப் பதினெட்டு காட்டியது. குழிக்குள் இறங்கிக் கையை வைத்தான். வெதுவெதுப்புகூட இல்லை.

சென்சார்தான் பொய் சொல்கிறது என்று முடிவு கட்டினான். ஆயில் ஆறும் பைப்பை ஒரு தடவை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. கை சொன்ன பிறகு பார்க்க என்ன இருக்கிறது?

ஆயிலை இறக்கி, தட்டைக் கழற்றி, புது சென்சார் போட்டான். மறுபடியும் நூற்றுப் பதினெட்டு. வேலூர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரை போனில் பிடித்து, டூப்ளிகேட்டைத் தள்ளிவிட்டீர்களே என்று வாய்க்கு வந்தபடி பேசினான். அந்த மனுஷர் பாவம், வேறொன்று அனுப்பினார். அதுவும் நூற்றுப் பதினெட்டே காட்டியது. ஒயரையும் மாற்றிப் பார்த்தான். உள்ளங்கையில் கிரீஸுக்கு அடியில் ஒரு கொப்புளம் இருந்தது. ஸ்பேனர் உராய்ந்திருக்கும் என்று விட்டுவிட்டான். மூன்று சாட்சி ஒரே மாதிரி சொல்லியும் நம்பாத பிடிவாதத்தை என்னவென்று சொல்வது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ரஷீத் அஹமது நேரே கடைக்கு வந்தார்.

"இன்னா சாமி, ரெண்டு புது சென்சாருமா பொய் சொல்லும்?"

"மிஷின் ஆயிரம் சொல்லும் பாய். இப்பதான் ஓட்டிட்டு வந்து நிறுத்துனேன். நீங்களே எறங்கி வந்து கை வெச்சிப் பாருங்க. டீ கிளாஸ் சூடுகூட இல்ல."

அவர் வெள்ளை ஜிப்பாவின் கையை மடித்துக்கொண்டு குழிக்குள் இறங்கினார். ஆரோக்கியசாமி முதலில் தன் கையைத் தட்டில் அழுத்தி, ஐந்து வரை எண்ணிக் காட்டினான். பக்கத்தில் ரஷீத் அஹமது விரல்களை வைத்தார். வைத்த வேகத்தில் அலறிக்கொண்டு இழுத்தார். முழங்கை சுவரில் இடித்தது.

"பைத்தியமா உனக்கு? நெருப்பு மாதிரி கொதிக்குது, என்னை வந்து கை வெக்கச் சொல்றே."

பிறகுதான் அவனுடைய கையைப் பார்த்தார். அவர் குரல் இறங்கிவிட்டது.

"சாமி. உன் கையப் பாரு."

உள்ளங்கையில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தோல் இல்லை. அது தட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆரோக்கியசாமி அடுத்தவன் கையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தான். வலிக்கவில்லை. வலிக்காதது அவனுக்குப் பெரிய பயத்தைக் கொடுத்தது.

இளவயதில் ஆறு வருஷம் டேனரியில், தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம்மில் வேலை பார்த்தவன் அவன். சுண்ணாம்பிலும் குரோமிலும் ஊறின உடம்பில் தேமல் மாதிரி வெளுப்பதும், விரல் மரத்துப்போவதும் இந்தப் பக்கத்தில் யாருக்கும் புதுசு இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் முழங்கைக்குக் கீழே ஒரு வெளுப்பு வந்தபோது, பழைய கெமிக்கல் இப்போது வேலையைக் காட்டுகிறது என்றான். கேட்ட எல்லோரும் ஆமாம் என்றார்கள். கையிலிருந்து நட்டு நழுவி நழுவி விழுந்ததற்கும் அதே கெமிக்கல்தான் பழி சுமந்தது. டேனரியை விட்டு இருபது வருஷம் ஆயிற்றே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கார் வேறு கடைக்குப் போயிற்று. ஆயில் ஆறும் பைப் அடைத்திருந்ததை அங்கே அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தார்களாம்.

ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் அவன் மனைவி பிரிசில்லா, லீவு போட்டுவிட்டு அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டரம்மா அவனைக் கண்ணை மூடச் சொன்னார். நைலான் இழையால் வலது கையில் அங்கங்கே தொடுவேன், தொட்ட இடத்தைக் காட்ட வேண்டும் என்றார். ஆரோக்கியசாமி கண்ணை மூடிக் காத்திருந்தான். வெளியே யாரோ டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள்.

"ஆரம்பிங்க டாக்டர்," என்றான்.

"முடிச்சிட்டேங்க. பன்னெண்டு எடத்துல தொட்டேன்."

தொழுநோய் என்றார். ஒரு வருஷம் மாத்திரை சாப்பிட்டால் நோய் குணமாகிவிடும், பயப்பட வேண்டாம் என்றார். ஆனால் இத்தனை நாளாகச் செத்துக் கிடக்கும் உணர்ச்சி திரும்பி வரும் என்று சொல்ல முடியாது.

"அப்ப சூடு பாக்குற வேலை?"

"இனிமே இந்தக் கையால எந்தச் சூட்டையும் பாக்காதீங்க. வீட்ல இருக்கறவங்களுக்கும் டெஸ்ட் பண்ணணும். அவங்களக் கூப்பிடுங்க."

கை போனதைவிட, தன்னால் அவளுக்கும் வந்திருக்குமோ என்பதுதான் அவனை நொறுக்கியது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பிரிசில்லா உள்ளே வந்தாள். ஒன்றும் கேட்காமல் கண்ணை மூடிக்கொண்டு கையை மேஜைமேல் வைத்தாள். டாக்டரம்மா அதே இழையை எடுத்தார்.

"இங்க," என்றாள் பிரிசில்லா. "இங்க. இங்க."

ஒவ்வொன்றாக அவன் எண்ணினான். மொத்தம் பன்னிரண்டு. தான் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தது எவ்வளவு நேரம் என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. ஆனாலும் பொங்கி வந்த அழுகையில் பாதி நிம்மதிதான்.

"இன்னாங்க, அழுறீங்களா?" அவள் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

அவளுக்கு வலது கையை நீட்டப் போனவன், அதை மடியிலேயே வைத்துக்கொண்டு, இடது கையால் அவள் தோளைத் தொட்டான்.