நான் வரைந்த சின்ன உருளை

தை முகூர்த்தங்கள் தொடங்குவதற்கு முந்தைய வாரம், மாமல்லபுரத்து அச்சகம் ஒன்றில் மூன்று நாள் குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்தேன். நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். அதில் என் பை உட்கார்ந்திருந்தது.

அங்கே ஓடிய நான்கு வண்ண ஆஃப்செட் இயந்திரம் செங்கல்பட்டில் எங்கள் பட்டறையில் செய்தது. அதில் ஒரு யூனிட்டிலிருந்து அடுத்த யூனிட்டுக்குத் தாளைக் கொண்டுபோகும் பகுதி முழுவதும் என் வரைபடம். என் முதல் வரைபடம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டும் அப்பா, இயந்திரம் லாரியில் ஏறும் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு, ஏறுகிறவர்களிடமெல்லாம் "எம் பொண்ணு வரைஞ்ச மிஷினு" என்று காட்டிக்கொண்டிருந்தார். மானம் போகிறது என்றாள் அம்மா. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இன்னும் நாலு பேருக்குக் காட்டட்டும் என்றுதான் இருந்தது.

அச்சக முதலாளியம்மா 'இயந்திரம் சரியாக ஓடுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் அடுத்து செய்யப்போகும் இயந்திரங்களுக்கும் என் வரைபடம்தான். அதற்காகத்தான் அங்கே நின்றேன்.

நான்கு வண்ண அச்சில் தாள் நான்கு யூனிட்டுகளைக் கடக்கும். ஒவ்வொன்றும் தன் நிறத்தை வைத்து அனுப்பும். இடையில் சுற்றும் உருளைகளில் வரிசையாக இரும்பு விரல்கள் இருக்கும். ஒரு வரிசை தாளை விடுவதற்குள் அடுத்த வரிசை பற்றிக்கொள்ள வேண்டும். அந்தக் கைமாற்றத்தில் தாள் மயிரிழை நழுவினாலும் சிவப்பின்மேல் மஞ்சள் உட்காராது. தாளின் ஓரத்தில் நான்கு நிறத்திலும் சின்னக் கூட்டல் குறிகள் விழும். நான்கும் ஒன்றாகத் தெரிந்தால் அச்சு சரி.

மூன்றாம் நாள் காலை கல்யாணப் பத்திரிகை ஏற்றினார்கள். குறிகள் ஒன்றாகத் தெரியவில்லை. மேலே இருந்த பிள்ளையாருக்கு இரண்டு தும்பிக்கை.

இயந்திரம் ஓட்டுகிறவருக்கு என் வயதுதான் இருக்கும். ஒரு தாளை உருவி என் முகத்துக்கு நேரே பிடித்தார். "பாத்தியா மேடம்? மாப்ள வூட்டுக்கு ஒரு தும்பிக்க, பொண்ணு வூட்டுக்கு ஒரு தும்பிக்க."

"பேப்பர்ல ஈரம் ஏறியிருக்கும்" என்றேன். "கடல் பக்கத்துல பிரிச்சு வச்சிருக்கீங்களே."

"அதான் நானும் சொல்லிகினு கீறேன். உப்புக் காத்து. எங்கூட்டு மிக்சி ரெண்டு வருஷம் தாங்கல, பேப்பர் இன்னா தாங்கும்?"

முதலாளியம்மாவும் தலையாட்டினார். இந்தக் கரையில் எது பழுதானாலும் பழி காற்றின்மேல்தான் விழும். எனக்கும் அது வசதியாக இருந்தது. ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. அடுத்தடுத்து வந்த இருபது தாள்களை எடுத்து மேசையில் படிப்படியாக அடுக்கி, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஈரத்தில் விரிந்த தாள் என்றால் எல்லாவற்றிலும் குறி கிட்டத்தட்ட ஒரே அளவு விலகியிருக்கும். இங்கே ஒரு தாளில் மஞ்சள் குறி மேலே, அடுத்ததில் கீழே, அதற்கடுத்ததில் சரியாக. தாள் விரல்களிலிருந்து நழுவுகிறது.

யாரிடமும் சொல்லவில்லை. "வேகத்தைப் பாதியாக் குறைங்க" என்றேன். குறைத்தார். குறிகள் ஒன்றாக வந்து நின்றன.

"அவ்ளோதான் மேட்டரு" என்றார் அவர். "மெதுவா ஓட்டிக்கிறோம். நீ கெளம்பு மேடம், பஸ்ஸு போயிடும்."

முதலாளியம்மா பேனாவைத் தேடினார். நான் போன் பேச வேண்டும் என்று பொய் சொல்லிவிட்டு வெளியே வந்து தெருமுனைக்கும் வாசலுக்கும் நடந்தேன். பட்டறையில் முழு வேகத்தில் ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தோமே, அங்கே ஏன் நழுவவில்லை? நாலாவது நடையில் கையில் இருந்த பத்திரிகை அட்டையை வளைத்தேன். விட்டதும் விறைத்துக்கொண்டு நிமிர்ந்தது. பட்டறையில் நாங்கள் ஓட்டியது மெல்லிய தாள். இந்த அட்டை என் உருளையைச் சுற்றி வளையும்போது நிமிரப் பார்க்கிறது. வேகம் கூடினால் விரல்களிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. உருளை பெரிதாக இருந்திருந்தால் அட்டை இவ்வளவு வளைய வேண்டியதில்லை.

சிறிதாக வரைந்தது நான்தான். நான்கு யூனிட்டும் இந்த அறைக்குள் அடங்க அதுதான் வழி என்று சாதித்துக் கைதட்டல் வாங்கினேன். கண்ணை மூடிக்கொண்டு வரையவும் இல்லை. ஒரு வாரம் இதே அச்சகத்தில் நின்று, ஏற்றிய தாளையெல்லாம் குறித்துக்கொண்டு போயிருந்தேன். ஜவுளிக்கடைத் தள்ளுபடி நோட்டீஸ், அம்மன் கோயில் கூழ் வார்க்கும் நோட்டீஸ். எல்லாம் மெல்லிய தாள். நான் வந்த மாதம் ஆடி.

செங்கல்பட்டில் இருந்த என் மேலதிகாரியைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஆடியில யாரும்மா கல்யாணப் பத்திரிகை அடிப்பாங்க?" என்றார். திட்டியிருந்தால் தேவலை. ஆடி முடியட்டும் என்று அத்தை மகள் நிச்சயதார்த்தத்தையே தள்ளிவைத்த வீடு எங்களுடையது.

"பாதி வேகத்துல ஓடுதுல்ல?" என்று கேட்டார்.

"ஓடுது சார்."

"அவங்க என்ன நினைக்கிறாங்க?"

"காத்துதான் காரணம்னு."

"சரி, பாத்துக்கம்மா" என்று போனை வைத்தார். அந்தச் சொல்லில் ஒரு வழி திறந்திருந்தது. அதில் போயிருந்தால் அடுத்த இயந்திரத்திலும் தாள் நழுவும், அதற்கும் நான் ஒரு காற்றைத் தேட வேண்டும். என் மிஷின் என்று அப்பா ஊர் முழுக்கச் சொன்னதை ரசித்தவள் தப்பை மட்டும் கடலுக்குக் கொடுப்பதா?

உள்ளே போனேன். முதலாளியம்மா பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"காத்து இல்லம்மா. உருளைய சின்னதா வரைஞ்சிட்டேன். தடி அட்டைக்கு இது ஆவாது. பெருசா போடணும். போட்டா மிஷின் நீளும்."

"இன்னாமா இது, நல்லாத்தானே ஓடிகினு கீது?"

"பாதி வேகத்துலம்மா. நீங்க கேட்டது முழு வேகம்."

ஓட்டுகிறவர் தலையில் அடித்துக்கொண்டார். "கையெழுத்து வாங்க வந்தியா, வேணாம்னு சொல்ல வந்தியா?"

முதலாளியம்மா பேனாவை மூடினார். "அப்ப கையெழுத்து கெடையாது. சீசன் முடியட்டும், மெதுவாவே ஓட்றோம். அப்பால கழட்டினு போயி ஒழுங்கா செஞ்சி எட்த்தா. எவ்ளோ நீளும்? இப்பவே அளந்து சொல்லு."

டேப்பின் ஒரு முனையை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டுகிறவர் பிடிக்க, மறுமுனையோடு பின்சுவர் வரை போனேன். ஒன்றரை அடி இடம் குறைந்தது. மறுபடி அளந்தேன். அதேதான்.

"செவுத்த இடிக்கணுமா?" என்றார் முதலாளியம்மா.

"ஆமாம்மா."

"எங்க வூட்டுக்காரரு ஆசையா கட்ன செவுரு. சாப்புடப் போயிருக்காரு, இப்ப வந்துருவாரு. நீயே சொல்லு."

வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. நான் மூன்றாவது முறை அளந்துகொண்டிருந்தேன்.